எந்தப் பக்கம் இறங்குவது

எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான்தான் லீடர். பெயர் செந்தமிழ். தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. ஜூன் மாதம் முதல் நாள், "இந்த கிளாஸ்ல ரொம்ப சத்தமா பேசுற பொண்ணு யாரு?" என்று அமராவதி மிஸ் கேட்டார். எல்லோரும் என்னைக் கை காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து சாக்பீஸ் வாங்கி வருவது, ரெக்கார்டு நோட்டு சுமப்பது, கடைசி பெஞ்சை அடக்குவது எல்லாம் என் தலையில். பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் ஜூலையில் ராஜவேலின் முன்பல் உடைந்தபோது ஒரு லீடருக்கு என்ன அதிகாரம் உண்டு என்று நன்றாகத் தெரிந்துபோனது. சாக்பீஸ் வாங்கி வரும் அதிகாரம்தான்.

பல்லை உடைத்தவன் சாலமன். இருவரும் என் வகுப்பு. ஏன் உடைத்தான் என்பதற்கு எங்கள் உப்பளத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மரக்காணத்தில் எங்கள் பக்கம் பாதி வீடுகளுக்கு உப்பளத்தில்தான் வேலை. என் அம்மா திரௌபதியும் சாலமனின் அம்மா ஆரோக்கியமும் ராஜாங்கம் என்பவரின் பாத்திகளில் உப்பு வாருகிறார்கள். அந்த ராஜாங்கத்தின் ஒரே மகன்தான் ராஜவேல். உப்பளத்தில் நடப்பதற்கு வரப்பை விட்டால் வேறு வழி கிடையாது. வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் இறங்கியாக வேண்டும். தலையில் கூடை இருப்பவருக்கு வரப்பு, வெறுங்கையோடு வருகிறவர் இறங்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. இதில் வயது, வசதி எதுவும் பார்ப்பதில்லை. இறங்குவதும் வாய்க்கால் பக்கமாகத்தான் இறங்க வேண்டும். மறுபக்கம் பாத்தி. உப்பு பூத்திருக்கும் பாத்தியில் கண்டபடி கால் வைத்தால் அடிச்சேறு கலங்கி, வெள்ளை உப்பு கருத்துவிடும்.

ராஜாங்கம் வரும்போது மட்டும் கூடையோடு இருப்பவர்களும் இறங்கிவிடுவார்கள். யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. பழகிவிட்டது.

ஜூலையில் ஒருநாள் காலை ராஜவேல் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, போனை நீட்டி வீடியோ எடுத்தபடி வரப்பில் வந்தான். எதிரே ஆரோக்கியம் அக்கா தலையில் கூடையோடு வந்தார். அவன் இறங்கவில்லை. அப்படியே நின்றான். அவர்தான் கூடையோடு வாய்க்கால் பக்கம் இறங்கினார், சேற்றில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. மூன்று வாரம் வீட்டிலேயே கிடந்தார். அவன் கை கொடுத்துத் தூக்கக்கூட இல்லை, திரும்பிப் போய்விட்டான். மறுநாள் வகுப்பில் சாலமன் கேட்டதற்கு, "அவங்கதான எறங்கணும்? பாத்தி எங்களுது" என்றான். அடுத்த நொடி அவன் பல் தரையில் கிடந்தது. பாதிதான். மீதிப் பாதி வாயில் இருந்தது.

ராஜாங்கம் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சாலமனுக்கு டிசி கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். ஹெட்மாஸ்டர் ஒரு மாதம் தவணை வாங்கினார். காலை பிரேயரில் இருவரையும் மைக் முன்னால் நிறுத்திக் கை குலுக்க வைத்தார். அந்தத் தவணை முடியும் திங்கட்கிழமை, தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று ராஜவேல் தன் கையால் எழுதித் தர வேண்டும். தந்தால் சாலமன் படிக்கலாம், தராவிட்டால் டிசி. ஆகஸ்டில் டிசி வாங்கியவனைப் பன்னிரண்டாம் வகுப்பில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? பம்ப் செட் மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற பையன் அவன். பன்னிரண்டை முடித்துவிட்டு எலக்ட்ரிகல் டிப்ளமோ படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். டிசி கைக்கு வந்தால் அவன் கூடை தூக்கப் போக வேண்டியதுதான்.

கை குலுக்கிய பிறகு வகுப்பில் ரொம்ப அமைதி. அப்படி ஒரு அமைதியை எந்த மிஸ்ஸாலும் கொண்டுவர முடிந்ததில்லை. ஜன்னல் பக்கத்து பெஞ்செல்லாம் ராஜவேல் கட்சி, கதவுப் பக்கத்து பெஞ்செல்லாம் சாலமன் கட்சி. நடுவில் நான். ஸ்கேல் கடன் வாங்குவதற்குக்கூட என் மூலமாகத்தான் போக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி அமராவதி மிஸ் ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசினார். அவர் வரலாறு எடுக்கிறவர். பேசி முடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்து, போர்டில் மூன்று கேள்வி எழுதினார். மரியாதை என்றால் என்ன? தலைவர் என்பவர் யார்? போர் முடிந்த பிறகு அமைதி எப்படி வருகிறது?

"புக்குல இருக்கிறத எழுதாதீங்க. உங்களுக்குத் தோணுறத எழுதுங்க. பேர் போட வாணாம். நல்லா இருக்கிறத சுதந்திர தினத்தன்னைக்கு சுவர்ப் பத்திரிகைல ஒட்டலாம்" என்றார். தாள்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. லீடராயிற்றே!

முப்பத்தெட்டுத் தாள். அன்று வியாழக்கிழமை, சாயங்காலமே வீட்டில் பரப்பிப் போட்டுப் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் வகுப்புக்கு மூளை இருக்கிறது. "மிஸ் வரும்போது எழுந்து நிற்பது பழக்கம். சமையல்கார அக்கா வரும்போதும் எழுந்து நின்றால் அதுதான் மரியாதை" என்று ஒரு தாள். "தலைவர் என்றால் பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் படியில் தொங்குகிறவர்" என்று ஒன்று. "தலைவர் என்றால் செந்தமிழ் மாதிரி கத்தாமல் இருப்பவர்" என்று இன்னொன்று. அது யார் என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொள்கிறேன். கூனிமேட்டுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்க மாமாவும் வாப்பாவும் இரண்டு வருஷம் பேசவில்லை. ரமலானில் மாமா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வாப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். மறுநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவரே போனார். அமைதி இப்படித்தான் வருகிறது." இதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

முப்பத்தோராவது தாள் பச்சை மையில் இருந்தது. எங்கள் வகுப்பில் பச்சை ஜெல் பேனா ஒருவனிடம்தான் உண்டு.

"மரியாதை: எங்கள் அப்பா வந்தால் எல்லோரும் வரப்பை விட்டு இறங்குவார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கும் இறங்கினார்கள். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். தலைவர்: தெரியவில்லை. அமைதி: பிரேயரில் கை குலுக்கினோம். அவன் கை ஈரமாக இருந்தது. என் கையும்தான். உங்க அம்மா கால் சரியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. மைக் இருந்ததால் கேட்கவில்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்குக் கை அரித்தது. இந்த ஒரு தாளைக் காட்டினால் போதும், சாலமன் உருகிவிடுவான், இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், டிசி பேச்சு காற்றில் போய்விடும், எல்லாம் செந்தமிழால் நடந்தது என்று ஊர் சொல்லும். வெள்ளிக்கிழமை இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் சாலமனைப் பிடித்து, தாளை நீட்டினேன்.

அவன் நின்றபடியே படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்தான்.

"பேர் போடாத பேப்பர என்கிட்ட ஏன் காட்டுற?"

"ராஜவேல் எழுதுனதுடா. பச்ச பேனா பாத்தல்ல?"

"தெரியுது. ஆனா இது அவன் எனக்கு எழுதல. எங்கம்மாக்கும் எழுதல. மிஸ்ஸுக்கு எழுதியிருக்கான். நீ பண்ணது தப்பு செந்தமிழு."

உருகுவான் என்று பார்த்தால் எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போய்விட்டான். கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னது சரி என்று தெரிந்ததால் இன்னும் கோபம். மதியம் முழுக்க அந்தத் தாள் என் பையில் கனத்தது. கடைசியில் மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் ராஜவேலிடம் போய் உண்மையைச் சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் காது சிவந்துவிட்டது. "எல்லாருக்கும் படிச்சிக் காட்டிட்டியா?"

"இல்லப்பா. ஒருத்தனுக்குத்தான்."

"அந்த ஒருத்தனுக்குத்தான் காட்டியிருக்கக் கூடாது." பேசும்போது உதட்டை மூடி மூடிப் பேசினான். பல் உடைந்ததிலிருந்து அப்படித்தான். "பேர் வாணாம்னு சொன்னதாலதான் எழுதுனேன். நீயெல்லாம் லீடரு! போ, திங்கக்கெழம நான் எதுவும் எழுதித் தர மாட்டேன். எங்கப்பா இன்னா கேக்குறாரோ அதுவே நடக்கட்டும்."

நான் "மன்னிச்சிடு" என்று சொன்னதை அவன் கேட்டானா என்று தெரியாது. வண்டியைக் கிளப்பிவிட்டான்.

அன்று வீட்டில் சாப்பிடாமல் அழுதேன். அம்மா காரணம் கேட்டார், வயிற்றுவலி என்றேன். சாலமனின் படிப்பு ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அறுத்துவிட்டவள் நான். கட்சி கட்டிக்கொண்டு முறைத்தவர்கள்கூட இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

சனிக்கிழமை பள்ளி இல்லை. விடிந்தும் விடியாமலும் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். ஆரோக்கியம் அக்கா அந்த வாரம்தான் மறுபடி வேலைக்கு வந்திருந்தார். வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துத்தான் நடந்தார். அடுத்த பாத்தியில் சாலமன் நீளக் கழி வைத்த பலகையால் உப்பை இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தான். லீவு நாளில் அம்மாவுக்கு ஒத்தாசையாக வருவான். நான் அவன் கண்ணில் படாமல் குனிந்தே வேலை பார்த்தேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது மோட்டார் கொட்டகை பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. ராஜவேல். இறங்கி, ஷூவைக் கழற்றி பைக் மேலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு வரப்பில் ஏறினான். எதற்கு வந்தான் என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாயை நான் நம்புவதில்லை.

அதே வரப்பில் எதிரே ஆரோக்கியம் அக்கா கூடை நிறைய உப்போடு வந்துகொண்டிருந்தார்.

சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். சாலமன் பலகையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். இன்னொரு அடி விழுந்தால் திங்கட்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இருவருக்கும் நடுவே பத்தடி. ஆரோக்கியம் அக்கா பழக்கத்தில் வாய்க்கால் பக்கம் இறங்கப் போனார். அதற்குள் ராஜவேல் இறங்கிவிட்டான். அவசரமாக, இரண்டு காலையும் சேர்த்து, தொப்பென்று.

பாத்திப் பக்கம்.

"டேய் டேய் டேய்!" என்று ஆரோக்கியம் அக்கா போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் நின்ற நாரையெல்லாம் பறந்தன. "அந்தப் பக்கம் எறங்குடா! கண்ண எங்கடா வெச்சிருக்க? நாலு நாளா பூத்த உப்புடா! ஒரே மிதியில கருக்கிட்டியேடா!"

ராஜாங்கத்தின் மகனை 'டேய்' போட்டு யாரும் கூப்பிட்டதில்லை. சின்னப் பையனாக இருந்தபோதே 'தம்பி, வாங்க' தான். கத்திய பிறகுதான் அக்காவுக்கே உறைத்திருக்க வேண்டும். கூடையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜவேல் கணுக்கால் ஆழத்தில் நின்றான். சுற்றிலும் வெள்ளையாக இருந்த பாத்தியில் அவன் காலடியில் மட்டும் கறுப்பு பரவிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்னு தெரியலம்மா" என்றான். பிறகு, "அன்னைக்கும் தெரிய... இல்ல. அன்னைக்குத் தெரியும்மா. நான் கூடைய..."

"கூட கனக்குதுடா. கொட்டிட்டு வர்றேன், அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு, அக்கா நேராக வரப்பிலேயே அவனைக் கடந்து போனார். சாய்த்துச் சாய்த்துத்தான். ஆனால் வரப்பிலேயே.

அவன் கரையேறக் காலைத் தூக்கினான். "அசையாத!" என்று சாலமன் கத்தினான். ஒரு மாதத்தில் அவன் ராஜவேலிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஒவ்வொரு அடியா வெச்சின்னா பாத்தி பூரா போயிடும். அப்படியே நில்லு. பலக எடுத்துனு வர்றேன்."

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ராஜவேல் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சாலமன் வரப்பில் மண்டியிட்டுப் பலகையின் நீளக் கழியை நீட்டினான். ராஜவேல் அதைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் மேலே வந்துவிட்டான்.

ஆரோக்கியம் அக்கா அதற்குள் அம்பாரத்தில் உப்பைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பியிருந்தார். "இன்னாவோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு" என்றார்.

"அன்னைக்கு உங்க தலைல கூட இருந்தத பாத்தேன். பாத்துட்டுதான் நின்னேன். தப்பு எம்மேலதான்." அவர் வலது காலைப் பார்த்தான். "கால் எப்படி இருக்குதும்மா?"

அக்கா அவன் முகத்தையும், உப்பும் சேறும் அப்பிய காலையும் பார்த்தார். "ராவுல கொஞ்சம் வலிக்குது. பரவால்ல. போய் நல்ல தண்ணில கால் கழுவு. காஞ்சா அரிக்கும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவன் கழுவப் போகாமல் சாலமனைப் பார்த்து, "இத எப்படி சரி பண்றது?" என்று கேட்டான். சாலமன் பலகையை அவன் கையில் கொடுத்தான். கறுத்த உப்பைத் தனியே ஒதுக்கி, சேற்றை மறுபடி மட்டம் தட்டும் வரை இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள். ராஜவேல் பலகை பிடித்த அழகைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நடுவில் சாலமன், "பல்லு?" என்றான். "பாண்டில கேப் போட்டாங்க" என்று ராஜவேல் உதட்டைத் தூக்கிக் காட்டினான். சாலமன் குனிந்து பார்த்து, "கோணலா இருக்குது" என்றான். ராஜவேல் சிரித்தான், அந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக வாயைத் திறந்து. திரும்பிப் போகும்போது என் பக்கத்தில் நின்று, "அடுத்த தபா யார் பேப்பரையும் காட்டாத" என்று மட்டும் சொன்னான். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

கறுத்த உப்பு ராஜாங்கத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை. யார் கால் வைத்தது என்று ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டாராம். ஆரோக்கியம் அக்கா, "நாய் எறங்கிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறையில் ராஜாங்கம் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் டிசி புத்தகம் தயாராக இருந்தது. லீடர் என்பதால் என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவே இல்லை. ராஜவேல் பச்சைப் பேனாவை எடுத்தான். "பச்ச மைல நான்தான் எழுதணும். நீல மைல எழுதுப்பா" என்றார் ஹெட்மாஸ்டர். சாலமன் தன் பாக்கெட்டிலிருந்த பேனாவை மூடி கழற்றி நீட்டினான். ராஜவேல் அதை வாங்கி எழுதினான்.

ஹெட்மாஸ்டர் சத்தமாகப் படித்தார். "எனக்கு சாலமன் மீது எந்தப் புகாரும் இல்லை. முதல் தவறு என்னுடையது. எங்கள் பாத்தியில் கால் வைத்ததும் நான்தான், நாய் இல்லை." படித்துவிட்டு, "நாயா? எந்த நாய்?" என்று எங்களைப் பார்த்தார். ராஜாங்கம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா எழுதி வெச்சிருக்க?"

"நடந்ததத்தாம்பா."

"அடிச்சது தப்புதான் சார்" என்றான் சாலமன், ராஜாங்கத்தைப் பார்த்து. "அத நானும் எழுதித் தர்றேன்."

ஹெட்மாஸ்டர் டிசி புத்தகத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். டிராயர் மூடிய சத்தத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. ராஜாங்கம் எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. எல்லோரும் வெளியே வந்தோம்.

அறைக்கு வெளியே வராண்டாவில் ஒரு பக்கம் முழுக்க உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு ஆள் போகத்தான் வழி. முன்னால் ராஜாங்கம், அவர் பின்னால் ராஜவேல், பிறகு சாலமன், கடைசியில் நான். எதிரே சத்துணவு சமைக்கும் பாக்கியலட்சுமி அக்கா தலையில் காய்கறிக் கூடையோடு வந்தார். ராஜாங்கத்தின் வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் தயங்கி, எங்கே ஒதுங்குவது என்று பெஞ்சுப் பக்கம் திரும்பினார். ராஜாங்கம் நடையைக் குறைக்கவில்லை.

ராஜவேல் பின்னாலிருந்து அவர் முழங்கையைத் தொட்டான்.

"அப்பா, சுமையோட வர்றாங்க. நம்மதான் ஒதுங்கணும்."

ராஜாங்கம் திரும்பி அவனைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ராஜவேல் கையை எடுக்கவில்லை. கடைசியில் ராஜாங்கம் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். நாங்கள் மூன்று பேரும் அவரை அடுத்து வரிசையாக ஒட்டி நின்றோம்.

பாக்கியலட்சுமி அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எங்களைக் கடந்து போனார். கூடை கனமாக இருந்தது.